பயிற்சி ஆட்டத்தில் தம்பி எத்தனை நிமிடம் ஆடலாம்?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஹாக்கிதான் அவன் வேலை. வெளியூர் அணி ஒன்றில் ஒப்பந்தத்தில் ஆடுகிறான், முன்கள வீரன். போன வருஷம் லீக் தொடங்கும் முன்னால் நடந்த பயிற்சி ஆட்டத்தில் வலது தொடையின் பின்பக்கம் சுரீர் என்று பிடித்து, தசை கிழிந்துவிட்டது என்றார்கள். பாதி சீசன் வீட்டில்தான் இருந்தான். இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் லீக். அதற்கு முன் சென்னையில் முகாம், அதில் பத்து நாளுக்குள் நான்கு பயிற்சி ஆட்டம். முகாமுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நடுவில் சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் நடக்கும் போட்டியிலும் ஆடச் சொல்லிக் கேட்கிறார்கள். “கணக்கில் வராத ஆட்டத்துக்கு எதுக்குடா காலைக் கெடுத்துக்கிறே, லீக்கில் மட்டும் ஆடு” என்கிறார் அப்பத்தா. ஆடாவிட்டால் இடம் போய்விடும் என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது? போன வருஷ ஸ்கேனை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டுமா?
(தேவகோட்டையிலிருந்து ஒரு அக்கா)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பத்தாவின் பயம் நியாயமானது, ஆனால் அவர் சொல்லும் வழி தம்பிக்கு ஆபத்து. பயிற்சி ஆட்டமே ஆடாமல் நேராக லீக்கில் இறங்குகிறவனுடைய தொடை, முழு வேக ஓட்டத்தை முதன்முதலாகச் சந்திப்பது எதிரணித் தடுப்பாளர் பக்கத்தில் உரசிக்கொண்டு ஓடும்போது. அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஹாக்கியின் ஓட்டம் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடிப் பழகினால் வருவதில்லை. குனிந்த முதுகோடு ஓட வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், மட்டையைத் தரையோடு நீட்டிக்கொண்டே திரும்ப வேண்டும், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடி பாய வேண்டும். இதை உடம்புக்குப் பழக்கத்தான் பயிற்சி ஆட்டம். அதனால் தம்பி ஆடட்டும். ஆனால் எத்தனை நிமிடம் ஆடுவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும், ஸ்கோர் என்ன ஆனாலும் அதை மாற்றக் கூடாது. நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

சீசனுக்கு முன்னால் காயம் அதிகம் வருவது உங்கள் தம்பிக்கு மட்டும் நடந்த கெட்ட நேரம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 15 விளையாட்டுகளை 1988 முதல் 2004 வரை கவனித்துக் கணக்கெடுத்தார்கள். ஒரு வீரர் ஒரு பயிற்சியில் கலந்துகொண்டால் ஒன்று என்று எண்ணினால், 1000 பயிற்சிக்கு சீசனுக்கு முன்பு 6.6 காயம், சீசன் நடக்கும்போது 2.3 காயம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஓய்வில் இருந்த உடம்பின் மேல், இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கொஞ்ச நாளுக்குள் எல்லாச் சுமையையும் ஏற்றுகிறார்கள். நம் பக்கத்தில் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்தால் அன்றைக்கே பந்தி போடுவோமா? கதவு, குழாய், வயரிங் எல்லாம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஆட்களை உள்ளே விடுவோம். பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கியில் உலகத்தின் பெரிய லீக்கான என்எச்எல், 2026-27 சீசனிலிருந்து சீசனுக்கு முந்தைய ஆட்டங்களை ஒரு அணிக்கு அதிகபட்சம் 4 என்று குறைக்கிறது. அங்கே வீரர்கள் சங்கமும் லீக்கும் பேசி எடுத்த முடிவு அது. அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே குறைக்கிறார்கள் என்றால், பத்து நாளில் நான்கு என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் அணுக வேண்டும்.

இனி அந்த வலது தொடை. ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைத் தசை ஒரு முறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், பழைய காயத்தைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு இல்லை. நடக்கும்போது வலி இல்லை, படி ஏறினால் வலி இல்லை என்பதெல்லாம் குணமானதற்கு அடையாளம் ஆகாது. கையில் மட்டையும் பந்தும் வைத்துக்கொண்டு, முழு வேகத்தில், மனதில் பயம் இல்லாமல் ஓடி, திரும்பி, நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் செய்யும் பயிற்சிகளில் வலது கால் இடது காலுக்குச் சமமாக நிற்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் முகாமுக்குப் போகலாம். இந்த வாரமே ஒரு பிசியோவிடம் காட்டி இரண்டு காலின் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆறு வாரம் கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது, நார்டிக் என்பார்கள். தலையணை மேல் முழங்காலிட்டு நிற்க வேண்டும், பின்னால் நீங்களோ வேறு யாரோ அவன் கணுக்கால் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலிலிருந்து தலைவரை உடம்பை நேராக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், செய்தால் தெரியும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் வாரம் ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று போதும், வாரம் இரண்டு நாள். பிறகு மெல்ல எட்டு, பத்து என்று ஏற்றி மூன்று சுற்றுக்குக் கொண்டுபோகலாம். ஆரம்பத்தில் தொடை நன்றாக வலிக்கும், அதனால்தான் இதை முகாம் வாரத்தில் தொடங்கக் கூடாது, இப்போதே தொடங்க வேண்டும். தொடை இடுக்குப் பிடிப்பும் ஹாக்கியில் அதிகம் என்பதால், உள் தொடைக்கான பயிற்சியையும் பிசியோவிடம் சேர்த்துக் கேட்டுக்கொள்ளட்டும்.

அதோடு வாரம் இரண்டு முறை முழு வேக ஓட்டம் வேண்டும். மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடுவதைச் சொல்லவில்லை. நன்றாக உடம்பைச் சூடேற்றிய பிறகு, 30 அல்லது 40 மீட்டர், படிப்படியாக வேகத்தைக் கூட்டி, நான்காவது வாரத்துக்குள் முழு வேகத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் தாராளமாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம். காயம் பட்டவர்கள் பயத்தில் முழு வேகத்தைத் தவிர்த்துக்கொண்டே வருவார்கள், கடைசியில் ஆட்டத்தில்தான் அந்த வேகம் வந்து மாட்டும்.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். தினமும் பயிற்சி முடிந்ததும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, அதை எத்தனை நிமிடம் செய்தானோ அதனால் பெருக்க வேண்டும். 60 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 420. ஒரு வாரத்துக்கு அதைக் கூட்டி வைத்தால் சுமை எப்படி ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஊரில் இருக்கும்போது வாரம் 1200, முகாமின் முதல் வாரம் 3000 என்று வந்தால் தசை எதையாவது விட்டுக்கொடுத்துவிடும். இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கல்லில் எழுதிய சட்டம் எதுவும் கிடையாது, ஆனால் முகாமுக்கு முந்தைய வாரத்தின் கணக்கு முகாமின் முதல் வாரத்துக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் தூக்கம் எப்படி, தொடை எப்படி என்று ஒரு வரியும் எழுதினால் நல்லது. இரண்டு நாள் தொடர்ந்து “இறுக்கமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தால் அன்றைக்கு வேக ஓட்டம் வேண்டாம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஹாக்கியில் 15 நிமிடமாக நான்கு குவார்ட்டர், மொத்தம் 60 நிமிடம். ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகலாம். அதனால் லீக்கிலேயேகூட முன்கள வீரர்கள் முழு 60 நிமிடமும் களத்தில் இருப்பது அரிது. நான்கு பயிற்சி ஆட்டத்தை நான் தம்பிக்கு இப்படிப் பிரிப்பேன்: முதல் ஆட்டத்தில் 20 நிமிடம், அதுவும் ஐந்தைந்து நிமிடமாக உடைத்து. இரண்டாவதில் 30. மூன்றாவதை விட்டுவிட்டு அன்றைக்கு ஓரமாக ஓட்டப் பயிற்சியும் பந்துப் பயிற்சியும். நான்காவதில் லீக்கில் எவ்வளவு ஆடுவானோ அவ்வளவு. ஆடும் நாட்களுக்கு நடுவில் முழுதாக மூன்று நாளாவது கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி குவார்ட்டரில், ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும்போது, “இன்னும் அஞ்சே நிமிஷம், ஆள் இல்லை” என்று இறக்குவார்கள். போன வருஷம் தொடை எந்த நிமிடத்தில் பிடித்தது என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், அனேகமாக இப்படி ஒரு நேரமாகத்தான் இருக்கும்.

இடம் போய்விடும் என்ற அவனுடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அது அவன் பிழைப்பு. ஆனால் கோச்சிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. முதல் ஆட்டத்தன்று காலையில் போய் “சார், தொடை ஒரு மாதிரியா இருக்கு” என்று சொன்னால் எந்தக் கோச்சுக்கும் கோபம் வரும். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே போன் போட்டு, “சார், முழுசாப் பயிற்சியில இருக்கேன், நோட்டு வச்சிருக்கேன், பிசியோ இந்த மாதிரி நிமிடம் எழுதிக் கொடுத்திருக்காங்க, லீக் முதல் ஆட்டத்துக்கு முழுத் தகுதியோட நிக்கணும்னு பாக்குறேன்” என்று சொல்லட்டும். தன் முன்கள வீரன் லீக் முழுக்க நிற்க வேண்டும் என்றுதான் கோச்சும் நினைப்பார். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், அப்போது அணியின் பிசியோவை நடுவில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எழுத்தில் இருப்பதற்கு மரியாதை அதிகம்.

தரை விஷயம் நம் ஊர் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. தம்பி இப்போது ஆடுவது செம்மண்ணும் சரளையும் கலந்த பொட்டலில்தான் இருக்கும். அங்கே கால் கொஞ்சம் வழுக்கும், செயற்கைப் புல்தரையில் ஷூ அப்படியே கவ்விப் பிடிக்கும். வேகமாகத் திரும்பும்போது கணுக்காலும் முழங்காலும் அந்தப் பிடியைத் தாங்க வேண்டும், கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் முதல் வாரத்திலேயே முனக ஆரம்பிக்கும். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, அந்த மதுரை மைதானத்தில் முகாமுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நான்கைந்து தடவை ஆட அனுமதி கிடைக்குமா என்று அவன் அணி மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஷூவும் புல்தரைக்கானது, அடியில் சின்னச் சின்னக் குமிழ் நிறைய உள்ளது, இப்போதே வாங்கிப் போட்டுப் பழக்கட்டும். முகாமில் புது ஷூவோடு இறங்கினால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஓட்டம் மாறும், ஓட்டம் மாறினால் மறுபடி அதே தொடைதான்.

சென்னைக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய் மறுநாள் காலையில் மைதானத்தில் நிற்க வேண்டாம். பல்லவன் ரயிலில் பகலில் போய், அன்று இரவு நன்றாகத் தூங்கி, பிறகு இறங்கட்டும்.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முகாமுக்கு முந்தைய இரண்டு வாரம் சாயங்காலம் நான்கு மணி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி ஆடினால் போதும். உச்சி வெயிலில் நிற்கச் சொல்லவில்லை. செயற்கைத் தரை மண்ணைவிடச் சூடாகும், தண்ணீர் தெளித்திருந்தால் கொஞ்சம் தேவலை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று தெரியும். உப்புப் போட்ட மோர், ஓஆர்எஸ் இரண்டுமே நல்லது. வெயிலில் யாராவது உளற ஆரம்பித்தாலோ நடை தள்ளாடினாலோ, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலில் போட்டு, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் வைத்துச் சூட்டை இறக்க வேண்டும், பிறகுதான் வண்டி.

இன்னொரு விஷயம், பயிற்சி ஆட்டம்தானே என்று பல் கவசத்தையும் முகக் கவசத்தையும் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கல் மாதிரி இருக்கும். எதிரணியின் தவறுக்காக கோலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் பெனால்டி கார்னரில், மட்டையால் பந்தை இழுத்து வீசுகிற டிராக் ஃப்ளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரும். கார்னரில் அடித்து ஆடும் முதல் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கோல் கோட்டைக் கடக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, டிராக் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. லீக் ஆட்டத்துக்கும் பயிற்சி ஆட்டத்துக்கும் பந்து ஒன்றுதான், எலும்பும் ஒன்றுதான். பல் டாக்டரிடம் அச்சு எடுத்துச் செய்யும் பல் கவசம் வாயில் சரியாக உட்காரும், மூச்சுக்கும் இடைஞ்சல் இல்லை, காரைக்குடியிலேயே பல் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இடது கைக்குக் கையுறை, காலுக்கு ஷின் கார்டு, கார்னரைத் தடுக்க ஓடினால் முகக் கவசம். இதில் பேரம் வேண்டாம். பயிற்சி ஆட்டத்தில் நிஜ வேகத்தில் எத்தனை கார்னர் எடுப்பது என்று இரண்டு கோச்சுகளும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளலாம், மீதியை ஆள் இல்லாத கோலில் அடித்துப் பழகலாம். பல் முழுசாக விழுந்துவிட்டால் வேர்ப் பக்கத்தைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்து, “ஒண்ணுமில்லடா, போ” என்று அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, அது உயிருக்கே உலை வைக்கும். தலை சுற்றல், மந்தம், வெளிச்சம் கூசுவது, இப்போது எந்தக் குவார்ட்டர் என்று தெரியாமல் விழிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது. முதலில் 24 முதல் 48 மணி நேரம் லேசான வேலைகளோடு ஓய்வு. அதன் பிறகு நடை, ஓட்டம், ஆள் மோதாத பயிற்சி, டாக்டர் அனுமதி, முழுப் பயிற்சி, ஆட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது வேண்டும், ஆக ஒரு வாரத்துக்குக் குறைந்து திரும்ப முடியாது. வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம் என்றாலோ உடனே ஆஸ்பத்திரி.

தொடை மறுபடி பிடித்தால்? அந்த நிமிடமே வெளியே. துணி சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம், மேலே மீள்துணிக் கட்டு. முதல் இரண்டு மூன்று நாள் சூடான ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவி விடுவது, இழுத்து உருவுவது எதுவும் வேண்டாம். அன்போடு செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் புதிதாகக் கிழிந்த இடத்தில் ரத்தக் கசிவை அது கூட்டும். ஆட்டத்துக்கு முன் வலி ஊசியோ வலி மாத்திரையோ போட்டுக்கொண்டு இறங்குவதும் கூடாது. வலிதான் “நிறுத்து” என்று சொல்லும் ஒரே குரல், அதை அடக்கிவிட்டு ஓடினால் சின்னக் கிழிசல் பெரிசாகும், வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

திருவிழாப் போட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வருஷம் வேண்டாம் என்பதுதான் என் பதில். முகாமுக்கு மூன்று வாரம் முன்னால், சரளைத் தரையில், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம், சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்று கத்தும்போது எவனும் 20 நிமிடத்தில் வெளியே வர மாட்டான். அதற்கு மேல் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். அணியின் அனுமதி இல்லாமல் வெளியே ஆடக் கூடாது என்று இருக்கிறதா, வெளி ஆட்டத்தில் காயம் பட்டால் மருத்துவச் செலவும் சம்பளமும் யார் பொறுப்பு என்று இருக்கிறதா பாருங்கள். அமைப்பாளர்களிடம் தம்பி இப்போதே நேரில் போய்ச் சொல்லிவிடட்டும், சின்னப் பையன்கள் அணிக்கு அன்று கோச்சாக நிற்கிறேன் என்று சொன்னால் அவர்களுக்கும் மனத்தாங்கல் இருக்காது, பையன்களுக்கும் லாபம்.

ஸ்கேன் இப்போது தேவையில்லை. வலி இல்லாமல், பலம் சமமாக இருந்து, முழு வேக ஓட்டம் வருகிறது என்றால் படத்தில் பழைய தழும்பு தெரிந்தாலும் அதனால் எந்த முடிவும் மாறப்போவதில்லை. ஓடும்போது அதே இடத்தில் மறுபடி வலித்தாலோ, உட்காரும் எலும்புக்குக் கீழே தொட்டால் வலித்தாலோ அப்போது எடுக்கலாம். போன வருஷ ரிப்போர்ட்டை மட்டும் பிசியோவிடம் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், கிழிந்தது தசையிலா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலா என்பதைப் பொறுத்து மேலே சொன்ன வாரக் கணக்கில் சிலவற்றை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.